விலை குறைந்த சிந்தசைசரிலும் பேஸ் அதிரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்மன் கொடை, கோவில் திருவிழா, தேவாலயப் பெருவிழா என்று வரிசையாக வரும் காலம் இது. மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கத்து இன்னிசைக் குழுக்கள் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை கானமேளாவுக்குப் போய் வருகின்றன. பாட்டின் அடிச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு என்று தனி ஆள் வைக்க முடியாத சிறு குழுக்களில் கீபோர்டுக்காரரின் இடது கைதான் பேஸ். அந்த இடது கைக்காக, மின்னணுவில் ஒலியை உருவாக்கும் சின்ன சிந்தசைசர் ஒன்றை வாங்கி, முதல் மேடையிலேயே சத்தம் சப்பென்று போனதும் "விலைக்கேற்ற சரக்கு" என்று அதைப் பரணில் போட்டுவிட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி லட்ச ரூபாய்க் கீபோர்டுக்குப் போகிற இளைஞர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டது, சுருக்காமல் வெளியிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பெட்டியில் குறை இருப்பது அபூர்வம். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் எங்கோ பேஸ் கொட்டிப்போகிறது. அல்லது நாப்கள் (திருகு குமிழ்கள்) நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இவை இரண்டையும் பார்த்து முடிக்காமல் புதுப் பெட்டிக்குப் பணம் எடுக்காதீர்கள்.

முதலில் கேபிள். வேறெதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். கோர்க் வோல்கா பேஸ் போன்ற சின்னப் பெட்டிகளில் வெளியே வரும் வாய் ஒன்றே ஒன்று: ஹெட்போன் மாட்டுகிற 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ வாய், கடையில் இபி என்று கேட்டால் கொடுப்பார்களே, அது. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஈ வரிசையில் பல மாடல்களிலும் ஹெட்போனுக்கும் வெளியீட்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டீரியோ வாய்தான். கடைக்காரர் ஒரு முனையில் இபி, மறுமுனையில் பி38 (கால் அங்குலத் தடிப் பின்) ஸ்டீரியோ பின் உள்ள கேபிளைக் கொடுப்பார். அதை, மேடையின் ஒலிகளை ஒன்றுசேர்க்கும் மிக்சரின் லைன் வாயில் செருகியதும் கோளாறு தொடங்குகிறது.

பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். அவை பின்னை மூன்றாகப் பிரிக்கின்றன: நுனி, நடுவளையம், அடிப்பகுதி. சிந்தசைசர் நுனியில் இடப்பக்கத்தையும் நடுவளையத்தில் வலப்பக்கத்தையும் அனுப்புகிறது. மிக்சரின் லைன் வாயோ பாலன்ஸ்டு வகை. அது நுனியில் வருவதிலிருந்து நடுவளையத்தில் வருவதைக் கழித்து மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். நீண்ட கேபிளில் புகுகிற இரைச்சலைக் களைவதற்கான நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே இரு பக்கமும் ஒரே ஒலி. ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன மிஞ்சும்? வோல்கா போன்ற மோனோ பெட்டியானால் ஏறக்குறைய மௌனம். கீபோர்டானால் இன்னும் குழப்பம்: பேஸும் கிக்கும் (பெரிய டிரம் அடி) நட்ட நடுவில், இரு பக்கமும் சமமாக வைக்கப்பட்டிருப்பதால் அவை இரண்டு மட்டும் காணாமல் போகும், பக்கங்களில் விரித்து வைத்த வயலின் பேடும் ரிவெர்பும் தகரச் சத்தம்போல மிஞ்சி ஒலிக்கும். பேஸ் இல்லை என்று மிக்சரில் லோ நாபை முழுவதும் திருப்பினாலும் வராது. இல்லாததை எப்படிக் கூட்டுவது?

இதற்கு வேண்டியது ஒரு பக்கம் பெட்டியின் வாய்க்குப் பொருந்தும் ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு பி38 மோனோ பின் என்று பிரியும் ஒய் கேபிள். மோனோ சிந்தசைசரானால் அந்த இரண்டில் ஒன்றை மட்டும் மிக்சரில் செருகினால் போதும்; மற்றதன் நுனி எதிலும் படாதபடி டேப் சுற்றி வையுங்கள். பெரிய கீபோர்டுகளில் இட வாயில் எல்/மோனோ என்று எழுதியிருக்கும். ஒரே கேபிள்தான் இருக்கிறது என்றால் அதில்தான் செருக வேண்டும், வல வாயில் அல்ல. அப்போது கீபோர்டே இரு பக்கத்தையும் ஒன்றாக்கித் தரும். பேஸ் சவுண்டில் கோரஸ் எஃபெக்ட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இரு பக்கமும் முன்பின்னாக ஆடும் அலைகள் மோனோவாகச் சேரும்போது அடிச்சுரம் ஒன்றையொன்று தின்றுவிடும். நம் ஊர் மேடை ஒலி எல்லாம் கடைசியில் மோனோதான்.

அடுத்தது மிக்சரின் லோ-கட் பொத்தான். மைக் செட்காரர்கள் பாடகர் மைக்கின் காற்றுச் சத்தத்தைத் தடுக்க எல்லா சேனலிலும் இதை அழுத்தி வைத்திருப்பது வழக்கம். பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, ஈ, 41 ஹெர்ட்ஸ். 80 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒரு ஸ்தாயிக்கு 18 டெசிபல் வெட்டுகிற லோ-கட் இருந்தால், ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் அந்த ஈ சக்தியில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சிறிய மிக்சர்கள் பலவற்றில் அந்தப் பொத்தான் மைக்குக்கு மட்டுமல்ல, லைன் வாய்க்கும் வேலை செய்யும். மைக் செட்காரரிடம் "அண்ணே, இந்த சேனல்ல லோ-கட்டை எடுத்து விடுங்க" என்று கேட்டால் மறுக்கமாட்டார்.

ஹம் சத்தத்தை (மின்சார உறுமலை)ப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒருமுறை சத்தம் வீங்கி வீங்கி இறங்கும். வாசிப்பவருக்கு ஆசிலேட்டர் (சிந்தசைசரில் சுரத்தைப் பிறப்பிக்கும் பகுதி) சுதி விலகுவதுபோலத் தோன்றும். நிஜத்தில் சுதி விலகவில்லை, ஹம் கலந்திருக்கிறது. ஜி-யில் மட்டும் ஆட்டம் தெரிந்து பக்கத்துச் சுரங்களில் தெரியவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (சிந்தசைசருக்கும் மிக்சருக்கும் நடுவே நேரடி மின்தொடர்பைப் பிரிப்பது) ஒன்றை இடையில் போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். வோல்காவும் கோர்க் மோனோலாக் சிந்தசைசரும் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். பேட்டரியில் ஓடும்போது ஹம் நின்றால் அடாப்டர் வழியாகத்தான் வருகிறது என்று பிடித்துவிடலாம். ஹம்மை நிறுத்துவதற்காக எர்த் முள்ளை வெட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. மழையில் நனைந்த மேடையில், ஜெனரேட்டர் மின்சாரத்தில், இரும்புக் கம்பி வலையுள்ள மைக்கில் பாடகரின் உதடு படுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி ஒலியை உருவாக்கும் இடத்துக்கு வருவோம். எந்தப் பெட்டியானாலும் வரிசை ஒன்றுதான். கட்-ஆஃபை (எந்த இடத்துக்கு மேல் ஃபில்டர் ஒலியை வெட்டும் என்பதை வைக்கும் நாப்) முழுக்க மூடுங்கள். ரெசனன்ஸ் (கட்-ஆஃப் இடத்தை மட்டும் தூக்கிக்காட்டும் நாப்) பூஜ்ஜியம். ஒரே ஒரு ஆசிலேட்டர், சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை). கீழ் ஏ, 55 ஹெர்ட்ஸ், அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்-ஆஃபை மெல்லத் திறவுங்கள். முதலில் வயிற்றில் மட்டும் தெரியும், பிறகு காதில் உருவம் பிடிபடும். அந்த உருவம் பிடிபட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே நிறுத்துங்கள். பல பெட்டிகளில் அது கடிகாரத்தில் ஒன்பது, பத்து மணி அளவில் நிற்கும். சா வேவில் 55, 110, 165 என்று எல்லா மேல்சுரங்களும் இருக்கும். ஸ்கொயரில் (சதுர அலையில்) 55, 165, 275 என்று ஒற்றைப்படை மட்டும். அதனால்தான் அது உள்ளே குடைந்ததுபோல, வில்லிசைக் குடத்தைத் தட்டினால் வரும் கும்மென்ற ஒலிபோல இருக்கிறது. டிரையாங்கிளில் (முக்கோண அலையில்) மேல்சுரங்கள் மிக மெலிவு. சப் பெட்டி (பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்) இல்லாத மேடையில் அது செத்துவிடும்.

ரெசனன்ஸ் பூஜ்ஜியம் என்றோம். பேஸ் மெலிந்துபோவதற்கு நாப் தரப்பில் முதல் குற்றவாளி இதுதான். ராபர்ட் மோக் 1960களில் உருவாக்கிய லேடர் ஃபில்டரும் அதைப் பின்பற்றிய பலவும், ஃபில்டரிலிருந்து வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே அனுப்பித்தான் ரெசனன்ஸை உண்டாக்குகின்றன. கட்-ஆஃப் இருக்கும் இடத்தில் அலை ஏற்கெனவே திரும்பிவிட்டிருப்பதால் அது கூட்டலாகிறது, அங்கே விசில் எழுகிறது. கீழே இருக்கும் பேஸில் அதுவே கழித்தலாகிறது. ரெசனன்ஸை விசிலடிக்கும் எல்லை வரை ஏற்றினால் லேடர் ஃபில்டரில் பேஸ் ஐந்தில் ஒரு பங்காகிறது, அதாவது 14 டெசிபல் நஷ்டம். நாபைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூர்மையாகிக் காதுக்கு இனிக்கும். கீழே தரை நழுவுவது வீட்டு ஹெட்போனில் தெரியாது. ரோலண்டு 1980களின் தொடக்கத்தில் விற்ற டிபி-303-இன் கீச்சொலி வேண்டும், பெரிங்கர் டிடி-3-இல் அதைத்தான் வாசிக்கப்போகிறேன் என்றால் ரெசனன்ஸை ஏற்றுங்கள், தப்பில்லை. ஆனால் அடியில் கீபோர்டிலிருந்து ஒரு வெறும் சைன் பேஸை அதே சுரத்தில் சேர்த்து வாசியுங்கள். அந்தச் சத்தம் தனியாக நின்று பாட்டைத் தாங்காது.

இரண்டாவது குற்றவாளி டீட்யூன். இரண்டு ஆசிலேட்டரைச் சற்று விலக்கி வைத்தால் சத்தம் பருக்கும் என்பது மேல் ஸ்தாயிக்குப் பொருந்தும். 440 ஹெர்ட்ஸ் ஏ-யில் பத்து சென்ட் (அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு) விலக்கினால் நொடிக்கு இரண்டரை தடவை அலை ஆடும், காதுக்கு இதம். அதே பத்து சென்ட் 55 ஹெர்ட்ஸில் மூன்று நொடிக்கு ஒருமுறைதான் ஆடுகிறது. அந்த மூன்று நொடியின் ஒரு பகுதியில் இரண்டு அலையும் எதிரெதிராக நின்று அடிச்சுரம் அப்படியே விழுந்துபோகும். பல்லவியின் முதல் அடியில் அதிர்ந்த பேஸ் இரண்டாம் அடியில் காணோம் என்று ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகிப்பார்கள். எனவே கீழே இருக்கும் ஆசிலேட்டர் ஒன்று தனியாக, நேராக நிற்கட்டும். விலக்கல் வேண்டுமானால் ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஆசிலேட்டரில் வையுங்கள். வோல்கா பேஸில் மூன்று ஆசிலேட்டர்கள். ஒவ்வொன்றும் சா அல்லது ஸ்கொயர். ஒன்றை ஸ்கொயரில் கீழ் ஸ்தாயியில் வைத்து, மற்றொன்றை சாவில் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே வைத்து, மூன்றாவதை நிறுத்திவிடுவதே எங்கள் கணிப்பில் மேடைக்கு உகந்தது. மூன்றும் சேர்ந்தால்தான் பலம் என்று நினைக்க வேண்டாம். பாட்டின் நடுவே மூன்று சேர்ந்தால் சேறுதான்.

நோவேஷன் பேஸ் ஸ்டேஷன் 2, ஆர்ட்டூரியா மைக்ரோபுரூட் போன்றவற்றில் சப்-ஆசிலேட்டர் உண்டு. வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே தானாக ஒலிக்கும். இதைப் போட்டுக்கொண்டு பேஸ் கிட்டாரின் கீழ் ஈ-யையும் வாசித்தால் சப் ஒலிப்பது 20 ஹெர்ட்ஸில். வாடகைக்கு வரும் 18 அங்குல பெட்டிகள் பலவும் 40 ஹெர்ட்ஸை ஒட்டியே மூச்சு வாங்கத் தொடங்கும். துளை வைத்த பெட்டியில் அந்தத் துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்து நிறுத்த உள்ளே காற்றழுத்தம் இல்லை. கூம்பு முன்னும் பின்னும் அலைந்து அதன் வாய்ஸ் காயில் காந்தத்தின் பின்தட்டில் மோதும், சத்தம் மட்டும் வராது. சப் போட்டால் கையை ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள். மைக் செட்காரரும் சப் பெட்டிக்கு 30 அல்லது 35 ஹெர்ட்ஸில் லோ-கட் வைத்துக்கொண்டால் கூம்பு பிழைக்கும்.

சுரம் எழுந்து அடங்கும் வடிவமான என்வலப்பில் நேரம் செலவிடுங்கள். தட்டினால் "தும்" என்று கேட்பதா "பூம்" என்று கேட்பதா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. 41 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 24 மில்லி செகண்டு ஆகும். அட்டாக் (ஒலி எழும் நேரம்) பூஜ்ஜியமானால் தொடக்கத்தில் ஒரு "டிக்" வரும். மேளம், தபலா, ரிதம் பேடு நடுவே பேஸ் எங்கே தொடங்குகிறது என்று காதுக்குக் காட்டுவதே அந்த டிக்தான். வேகமான பாட்டுக்கு அப்படியே விடுங்கள். மெலடிக்கு அட்டாக்கை ஐந்து, பத்து மில்லி செகண்டுக்கு ஏற்றினால் டிக் மழுங்கும். ஃபில்டர் என்வலப்பின் டிகே (எழுந்தபின் இறங்கும் நேரம்) 150 முதல் 250 மில்லி செகண்டு. என்வலப் அளவு கொஞ்சம் போதும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் அரைத்தட்டு 250 மில்லி செகண்டு. டிகே அதற்கு மேல் நீண்டால் அடுத்த சுரத்தின் முகத்தில் முந்தைய சுரத்தின் வால் விழும். ரிலீஸை (விரலை எடுத்தபின் அடங்கும் நேரம்) 50 முதல் 80 மில்லி செகண்டுக்குள் கட்டுங்கள். பேஸில் பலம் என்று நாம் உணர்வதில் பாதி, இரண்டு சுரத்துக்கு நடுவே விடும் வெற்றிடம். இளையராஜா இசையில் பேஸ் கிட்டார் எங்கே நிறுத்துகிறது என்று உட்கார்ந்து கேட்டால் புரியும். தவிலில் தொப்பிப் பக்கத்தைக் குச்சியால் அடித்தவர் உடனே தோலை விட்டு விலகுவதும் அதே கணக்குத்தான்.

இனி எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல். அதே குழு சனிக்கிழமை பாறசாலையில் நான்கு சப் பெட்டி அடுக்கிய மேடையில் வாசிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் கொடையில் தென்னை மரத்தில் கட்டிய கோன் ஸ்பீக்கரில் (புனல் வடிவக் குழாய் ஒலிபெருக்கியில்) வாசிக்கிறது. இரண்டுக்கும் ஒரே செட்டிங் ஆகாது. கோன் ஸ்பீக்கர் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுவதில்லை. கீழ் ஈ-யின் 41, 82, 123, 164 எல்லாம் அங்கே வீண். ஆனால் காதுக்கு ஒரு வினோதத் திறமை உண்டு: 328, 369, 410 என்று 41 இடைவெளியில் மேல்சுரங்கள் வரிசையாகக் கேட்டால், இல்லாத 41-ஐ அதுவே கற்பித்துக்கொள்ளும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்பதுபோலத் தோன்றுவதும் இப்படித்தான். எனவே கோன் மேடைக்கு சா வேவ், கட்-ஆஃப் பன்னிரண்டு மணி வரை திறப்பு, டிரைவ் (ஒலியைச் சற்று உடைத்து மேல்சுரங்களைக் கூட்டுவது) பாதிக்கு மேல், வாசிப்பது ஒரு ஸ்தாயி மேலே. கோர்க் மோனோலாக்கில் டிரைவ் என்று தனி நாப் உண்டு. மைக்ரோபுரூட்டில் புரூட் ஃபாக்டர், வெளிவரும் ஒலியைத் திரும்ப உள்ளேயே ஊட்டுவது. கால் பங்குக்கு மேல் போனால் பேஸ் கலைந்துவிடும், அங்கேயே நிறுத்துங்கள். எதுவும் இல்லாத பெட்டியானால் கிட்டார்காரரின் ஓவர்டிரைவ் பெடலை இரவல் கேட்கலாம். ஆனால் அந்தப் பெடல்கள் பல, கிட்டாருக்காக அடிப்பகுதியை வெட்டியே வடிவமைக்கப்பட்டவை. கோன் மேடைக்கு அது கவலையில்லை. சப் மேடையில் அந்தப் பெடல் வேண்டாம்.

சப் மேடைக்குக் கட்-ஆஃபைக் குறையுங்கள், டிரைவைக் கால் பங்கோடு நிறுத்துங்கள், மிக்சரின் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்று டெசிபல் குறையுங்கள். மங்கல் அங்கேதான் சேர்கிறது. லோ நாபை 12, 15 டெசிபல் ஏற்றுவது பலரின் முதல் அனிச்சைச் செயல். பத்து டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 500 வாட் ஆம்ப்ளிஃபையர் 5000 வாட் கொடுக்காது. கிளிப் விளக்கு எரியும், பாடகர் குரலும் சேர்ந்து நசுங்கும். மூன்று டெசிபலுக்கு மேல் லோ தேவைப்பட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். பெரும்பாலும் அது சப் பெட்டிகளே. இரண்டு சப்பில் ஒன்றின் வயர் முனை மாறியிருந்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நீண்ட சுரம் கொடுத்து, ஒன்றை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் பேஸ் கூடினால் முனை மாறியிருக்கிறது. மேடையின் இரு மூலையிலும் ஒவ்வொரு சப் வைப்பதைவிட இரண்டையும் நடுவில் சேர்த்து வைப்பது நல்லது. பிரித்து வைத்தால், இரண்டிலிருந்தும் தூரம் சுமார் மூன்று மீட்டர் வேறுபடும் இடத்தில் 60 ஹெர்ட்ஸ் அழிந்துவிடும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேஸ் கிடையாது.

வீட்டில் ஒலி அமைப்பவர்களுக்கு ஒன்று. பதினான்கு அடி நீள அறை நம் வெப்பத்தில் சரியாக 41 ஹெர்ட்ஸுக்கு ஒத்ததிரும். சுவரோரம் உட்கார்ந்தால் கீழ் ஈ வெடிக்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் அதே ஈ காணாது. நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு ஈ மட்டும் போதவில்லை என்று ஏற்றி வைத்த செட்டிங்தான் மேடையில் கூரைத் தகரத்தை நடுங்க வைக்கிறது. இன்னொன்றும் உண்டு: தாழ்ந்த ஒலியளவில் காது பேஸைக் குறைத்தே கேட்கும். இரவில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மெதுவாக வைத்து அமைத்த பேஸ், மேடை ஒலியளவில் இரண்டு பங்காக வீங்கும். வீட்டில் அமைப்பதைப் பேஸ் சற்றுக் குறைவாகத் தோன்றும்படி விடுவதே சரி.

கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் சண்டையிட்டால் இரண்டும் தோற்கும். ரிதம் பேடின் கிக்கை 50, 60 ஹெர்ட்ஸில் குறுகலாக வைத்து, பேஸுக்கு 80 முதல் 110 வரை விடுங்கள். கம்பிரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போடுவதானால் விகிதம் நான்குக்கு ஒன்று, அட்டாக் 20 முதல் 30 மில்லி செகண்டு. அதைவிட வேகமானால் ஒரே அலைக்குள்ளேயே ஏறி இறங்கிப் பேஸைப் பொரிய வைக்கும்.

வாங்குவோர் கேட்பார்கள், எது நல்லது என்று. ஒரே ஒரு பேஸ் சத்தம் போதும், கையில் பணம் குறைவு என்றால் வோல்கா பேஸ். 2013-இல் வந்தது, இன்றும் சளைத்ததல்ல. ஆனால் நாப் நிலைகளை அது நினைவில் வைக்காது. சப் மேடைக்கு ஒன்று, கோன் மேடைக்கு ஒன்று என நாப்களைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், அல்லது வெள்ளை டேப் ஒட்டி இரண்டு நிறப் பேனாவால் குறியுங்கள். பாட்டுக்குப் பாட்டு மாற்ற வேண்டும் என்றால் நினைவகம் உள்ள மோனோலாக் அல்லது பேஸ் ஸ்டேஷன் 2. சத்தத்துக்கு மட்டும் என்றால் பெரிங்கர் மாடல் டி. 1970-இன் மினிமோகைப் பின்பற்றி மூன்று ஆசிலேட்டரும் லேடர் ஃபில்டரும் கொண்டது, நினைவகம் கிடையாது. 1980களின் பாட்டுகளில் வரும் கணீரென்ற பேஸ் வேண்டுவோருக்கு அனலாக் உதவாது. அது 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 வழிவந்த எஃப்எம் ஒலி, அதாவது ஓர் அலையை இன்னோர் அலையால் ஆட்டி உருவாக்குவது. வோல்கா எஃப்எம் அந்த டிஎக்ஸ்7 சவுண்டுகளை நேரடியாக ஏற்றுக்கொள்ளும். அதில் மாடுலேட்டரும் (ஆட்டும் அலை) கேரியரும் (ஆட்டப்படும் அலை) 1-க்கு 1 விகிதம், மாடுலேட்டரின் என்வலப் சட்டென்று இறங்க வேண்டும். மாடுலேட்டர் அளவை மிகவும் ஏற்றினால் அடிச்சுரம் மெலிந்து பாத்திரச் சத்தம் மேலோங்கும்.

வோல்காவில் தொடுபட்டையில் வாசிப்பது மேடைக்கு ஆகாது. மேல்பக்கத்தில் உள்ள ஐந்து முள் மிடி வாயில் (வாசிக்கும் சுரங்களைக் கட்டளையாக அனுப்பும் இணைப்பு) கீபோர்டை இணைக்க வேண்டும். பிஎஸ்ஆர்-ஈ வரிசையில் பல மாடல்களில் கணினிக்கான யுஎஸ்பி வாய் மட்டுமே இருக்கும், ஐந்து முள் வாய் இராது. நடுவே யுஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி ஒன்று தேவை. அதன் விலையையும் முன்பே கணக்கில் சேருங்கள். வோல்காவின் அடாப்டர் 9 வோல்ட், நடுமுள் பாசிட்டிவ். கிட்டார் பெடல் அடாப்டரும் 9 வோல்ட்தான், ஆனால் நடுமுள் நெகட்டிவ். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் இருட்டில் மாறிவிடும். சிவப்பு நூல் ஒன்று கட்டிவையுங்கள். அனலாக் ஆசிலேட்டர் சூட்டுக்குச் சுதி மாறும் என்பதால் நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம் முன்பே போட்டு வைத்து, பிறகு சுதி சேருங்கள். குளச்சல், மண்டைக்காடு பக்கத்து உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடிக்கும். கான்டாக்ட் கிளீனர் வருடத்தில் இரண்டு தடவையாவது அடியுங்கள்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் கூடுவதற்கு முன் கால் மணி நேரம் ஒலிச் சரிபார்ப்புக்கு விடுங்கள். கீழ் ஈ-யிலிருந்து ஒரு ஸ்தாயி, பன்னிரண்டு சுரம், ஒவ்வொன்றும் நான்கு தட்டு. வாசிப்பவர் மேடையில் நிற்க, குழுவில் இன்னொருவர் பந்தலின் முன்வரிசை, நடு, பின்பக்கம் என்று நடந்து கேட்கட்டும். எந்தச் சுரம் எங்கே விழுகிறது, எங்கே வெடிக்கிறது என்று அவர் கைகாட்டுவார். ஒரு சுரம் மட்டும் எல்லா இடத்திலும் வெடித்தால் மிக்சரில் அந்த இடத்தைக் குறையுங்கள். ஒரே இடத்தில் மட்டும் வெடித்தால் மிக்சரைத் தொட வேண்டாம், சப்பை இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
மேடைக் கீபோர்டு, ஒலியமைப்புக் கலைஞர்கள் சிலர்,
மார்த்தாண்டம், குமரி மாவட்டம்.